நம் பாட்டுக்கு நாமே ஒரு பெட்டி

(ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றின் இளைஞர் யுவதிகள் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது ஒரு பாட்டுப் பெட்டியைப் பற்றி. கடையில் வாங்கும் பெட்டி அல்ல, நம் கையாலேயே செய்கிற பெட்டி. உள்ளங்கை அளவுக்கு ஒரு திரை அதில் இருக்கும். அந்தத் திரையை விரலால் தொட்டால் பாட்டுப் பாடும். "குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் போசாக்கு என்று பேசுகிறவர்கள், இதென்ன புதுசா பாட்டுப் பெட்டி பற்றிப் பேச வந்துட்டாங்க?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இதுவும் நம்முடைய நலன் சம்பந்தப்பட்ட விசயந்தான்.

முதலில் ஒரு பழைய கதை. இந்த நாட்டிலே வானொலி எப்படிப் பிறந்தது தெரியுமா? எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் 1921 இல் கொழும்புத் தந்தித் திணைக்களத்துக்கு வேலைக்கு வந்தார். ஒலிபரப்புச் செய்ய அவரிடம் புது இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு, தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் தாங்களே ஒரு கருவியைக் கட்டினார்கள். மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் இசைத்தட்டைப் பாடவிட்டு ஒலிபரப்பினார்கள். 1925 டிசெம்பர் 16 ஆம் திகதி முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. அதுதான் வளர்ந்து வளர்ந்து இலங்கை வானொலி ஆயிற்று. லயத்துக் காம்பராவில் நம் அப்பா, தாத்தாமார் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டார்களே அந்த ரேடியோ, அதற்கு மூலம் பழைய சாமானைப் பொறுக்கி யாரோ கையால் கட்டிய ஒரு பெட்டிதான். ஆகவே, "இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிற வேலை, நமக்கு எதுக்கு" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, அந்த ரேடியோவில் நாம் எதைக் கேட்டோம்? சினிமாப் பாட்டுக் கேட்டோம், செய்தி கேட்டோம், நாடகம் கேட்டோம். நல்லதுதான். ஆனால் நம்முடைய பாட்டு எங்கே? கொழுந்து எடுக்கும்போது பாடுகிற பாட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பாடுகிற தாலாட்டு, சாவு வீட்டு ஒப்பாரி, மாசி மாதம் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் பாடுகிற பாட்டு, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு, இதோடு சேர்ந்து வருகிற தப்பு அடி. இவையெல்லாம் எங்கே இருக்கின்றன? நம்முடைய வயசானவர்களின் தொண்டையில் இருக்கின்றன. வேறு எங்கேயும் இல்லை.

இந்த அருமையை முன்னமே உணர்ந்த பெரியவர்கள் நமக்குள் இருந்திருக்கிறார்கள். வட்டகொடைப் பக்கத்தில் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914 – 1984) நம் மக்களின் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்து எழுதி வைத்தார். அவருக்கும் முன்னே, கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டாகவே பாடி நம் துயரத்தைச் சொன்னார். புத்தகத்தில் சொல் நிற்கிறது. ஆனால் ராகம் நிற்காது, மூச்சு நிற்காது, நடுவிலே "ஏலேலோ" என்று இழுக்கிற இழுப்பு நிற்காது. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு செய்வதென்றால் பெரிய செலவு. இன்றைக்கு நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. இருந்தும் நாம் செய்யவில்லை.

இதிலே இன்னுமொரு விசயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, நம்முடைய இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. போன உயிர்களுக்கு ஈடு கிடையாது. வீட்டை வேறு இடத்தில் கட்டலாம். ஆனால் ஒரு லயம் மண்ணுக்குள் போனால், அந்த லயத்துப் பாட்டியின் தாலாட்டும் அதோடு போகிறது. அதை யாரும் திருப்பிக் கட்ட முடியாது. நாம் மலைச் சரிவிலே வாழ்கிற மக்கள். மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம். அப்படிப்பட்ட நாம், அழியக்கூடாத ஒன்றை ஒரே இடத்தில் வைக்கலாமா?

இங்கே தம்பிமார் ஒரு கேள்வி கேட்பார்கள். "போனிலேயே பாட்டுக் கேட்கலாமே, எதுக்குத் தனியா ஒரு பெட்டி?" நியாயமான கேள்வி. போன் ஒருவருடைய சொந்தப் பொருள். அவர் கொழும்புக்கு வேலைக்குப் போனால் போனும் போய்விடும். விழுந்து உடைந்தால் உள்ளே இருந்ததும் போச்சு. பெட்டி அப்படியல்ல. அது எல்லோருக்கும் பொது. சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலோ வாசிகசாலையிலோ ஓரிடத்தில் இருக்கும். சிக்னல் வேண்டாம், டேட்டா வேண்டாம். ஒரு பாகம் பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அதைக் கட்டிய பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலின் அரிச்சுவடி தெரிந்துவிடும்.

இனி, பெட்டிக்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, மூளை. ராஸ்பெரி பை என்று ஒரு சின்னக் கணினிப் பலகை. 2012 பெப்ரவரி 29 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறைந்த செலவில் கணினி படிக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. அடையாள அட்டையைப் போலக் கைக்குள் அடங்கும். அதிலே பல வகை உண்டு. முதல் தடவை செய்கிறவர்களுக்கு 2016 இல் வந்த மூன்றாம் வகை வசதி. அதில் ஹெட்போன் செருகும் துளையும் இருக்கிறது, திரை பொருத்துகிற 40 ஊசிகளும் பற்றவைத்தபடியே வரும். 2021 இல் வந்த சீரோ 2 என்ற சிறிய வகை வெளிவந்தபோது 15 டொலர்தான். ஆனால் அதில் ஹெட்போன் துளை கிடையாது. ஒலிக்கென்று தனிப் பலகை வாங்க வேண்டும். வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாவித்த பலகை கிடைத்தாலும் போதும்.

இரண்டாவது, திரை. மூன்றரை அங்குலத் தொடுதிரை நமக்குப் போதும். தொடுதிரையில் இரண்டு சாதி இருக்கிறது. போனில் இருப்பது தோலில் உள்ள மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. கை ஈரமாக இருந்தால் அது தடுமாறும். மற்றது அழுத்தத்துக்கு வேலை செய்வது. இரண்டு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொட்டால் அதற்குத் தெரியும். நகத்தாலும் அழுத்தலாம், ஒரு குச்சியாலும் அழுத்தலாம். கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரலுக்கும், மழையில் நனைந்து வருகிற கைக்கும் இந்த இரண்டாவது சாதிதான் பொருத்தம். விலையும் குறைவு.

மூன்றாவது, ஒலி. அதே 5 வோல்டில் வேலை செய்கிற சின்ன அம்பிளிபயர் பலகை ஒன்று, பழைய ரேடியோவில் கழற்றிய ஸ்பீக்கர் ஒன்று அல்லது இரண்டு. ஸ்பீக்கரின் பின்புறம் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். இரண்டு ஸ்பீக்கர் போட்டால் அவற்றின் வயர்களை ஒன்றாகச் சேர்த்து முறுக்கக் கூடாது. இந்தச் சின்ன அம்பிளிபயர்களில் அப்படிச் செய்தால் பலகை எரிந்துபோகும்.

நான்காவது, கரண்ட். மூன்றாம் வகைப் பலகைக்கு 5 வோல்ட், 2.5 அம்பியர் கொடுக்கக்கூடிய நல்ல சார்ஜர் வேண்டும். பெட்டறி வேண்டுமென்றால் கடையில் விற்கிற பவர் பேங்க் ஒன்றை அப்படியே பாவியுங்கள். பழைய போனிலோ லெப்டொப்பிலோ கழற்றிய லித்தியம் பெட்டறியை நேரே பற்றவைக்காதீர்கள். வீங்கிய பெட்டறியைத் தொடவே வேண்டாம். அது தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் அடுத்த காம்பராவும் பற்றும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாவது, பாட்டு இருக்கிற மெமரி கார்ட். எம்.பி.3 முறையில் சாதாரண தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் போகும். அப்படியானால் 32 கிகாபைட் கார்ட் ஒன்றில் 500 மணி நேரம் அளவுக்குக் கொள்ளும். நம் பகுதியில் உள்ள அத்தனை பெரியவர்களும் பாடினாலும் அதற்குள் அடங்கும். பாட்டைப் பாடவைக்கிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மியூசிக் பிளேயர் டீமன் என்பது அதில் ஒன்று. ஒரு நாள் இன்டர்நெட் இருந்தால் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு இன்டர்நெட் தேவையே இல்லை.

திரையில் தமிழ் எழுத்து வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மலிவான கருவிகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். இந்தப் பலகையில் தமிழ் எழுத்துருவைச் சரியாகப் போட்டால் அந்தக் குறை வராது. ஆனாலும் நாங்கள் சொல்வது, எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். பாடியவரின் படத்தைத் திரையில் போடுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாயி தன் அக்காவின் முகத்தைத் தொட்டால் அக்காவின் பாட்டு வர வேண்டும். தொடுதிரையால் நமக்கு உண்டான பெரிய பயன் அதுதான்.

இங்கே மூடுபனியும் மழையும் அதிகம். ஆகவே பெட்டியைப் பலகையால் செய்து, அடியிலும் பின்னாலும் காற்றுப்போகத் துளை வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பையை உள்ளே போடுங்கள். கரண்ட் திடீரென்று போனால் கார்ட் பழுதாகலாம். அதனால் திரையிலேயே "நிறுத்து" என்று ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்திய பிறகே சார்ஜரைப் பிடுங்கப் பழக்குங்கள்.

பெட்டி சரி. உள்ளே வைக்கிற பாட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. பாடுகிறவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். "அப்பாயி, நீங்க பாடுறதை எல்லாரும் கேட்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சாவு வீட்டில் போய்ப் போனை நீட்டக் கூடாது. ஒப்பாரி பாடத் தெரிந்தவர்களிடம் வேறொரு நாள், அவர்கள் மனசு இருக்கும்போது கேளுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதியாதீர்கள். கதவைச் சாத்தி, டி.வி.யை நிறுத்தி, போனைப் பாடுகிறவரின் வாயில் இருந்து ஒரு முழத் தூரத்தில் ஒரு துணியின் மேல் வையுங்கள். பாட்டு முடிந்ததும், யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில், எந்த வேலை செய்யும்போது பாடியது என்று கேட்டு அதையும் பதியுங்கள். ஒரு கொப்பியில் பெயர், டிவிசன், திகதி எழுதி வையுங்கள். பெயரில்லாத பாட்டு பத்து வருசத்தில் அநாதையாகிவிடும்.

கடைசியாக, பிரதி. போனில் பதிந்த மூலத்தை அழிக்காதீர்கள். ஒரு பிரதி பெட்டியில், ஒரு பிரதி வேறொரு கார்டில் அடுத்த டிவிசனில், இன்னொன்று மலைக்குக் கீழே, பாதுகாப்பான ஊரில் இருக்கிற உறவினர் வீட்டில். மீரியபெத்தை நமக்குச் சொல்லித்தந்த பாடம் இது.

இந்த வேலையில் எல்லோருக்கும் பங்கு உண்டு. தம்பிமார் பலகையையும் வயரையும் பாருங்கள். தங்கச்சிமார் ஒலிப்பதிவையும் கொப்பியையும் பாருங்கள். விருப்பமானால் மாறியும் செய்யலாம், சோல்டர் பிடிக்க ஆண் கைதான் வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் பெட்டியைச் செய்து கொடுங்கள். தாய்மார்களே, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அது பழைய பாட்டு" என்று வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். அந்தப் பழைய பாட்டுத்தான் எங்களுக்கு வேண்டும்.

சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் நாம் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். அவை கிடைக்கிற நாளில், அந்த வீட்டில் பாடுவதற்கு நம்மிடம் பாட்டும் இருக்க வேண்டும். பாட்டுத் தெரிந்தவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். வருகிற மாசியில் காமன் கம்பம் ஊன்றுவதற்கு முன்னே, டிவிசனுக்கு ஒரு பெரியவரையாவது பாடவைத்துப் பதிந்துவிடுவோம். பெட்டி மெல்ல மெல்ல வரட்டும். குரல் முதலில் வரட்டும்.