சைக்கிளை விட்டு இறங்காதவர்களின் கதை

1941-ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான், கோல லங்காட் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள், பெண்களைத் தொல்லை செய்யாதே என்றார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அந்த மே மாதம் கைதானார். கிளர்ச்சி பரவியது, படை வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

வரலாற்று நூல் இதை ஒரு பத்தியில் முடித்துவிடும். மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தவன், துரையைக் கண்டதும் இறங்கி நின்றானே, அப்போது அவன் நெஞ்சில் என்ன எரிந்தது? மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தானா, தலையைக் குனிந்துகொண்டானா? இங்கேதான் நாவலாசிரியனுக்கு வேலை தொடங்குகிறது.

நம் பந்திங் பக்கம் ஓடும் ஆற்றின் பெயரையே தாங்கிய நாவல் ஒன்று உண்டு, நேயர்களே: அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'. ஜப்பானியர் காலத்தில் இந்தக் கரையோரத்து மக்கள் பட்ட பாட்டைச் சொல்வது. ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு வேலையாட்களாகப் போனவர்களுக்காக அவர் எழுதியது 'நினைவுச் சின்னம்'. தலைப்பிலேயே ஒரு நியாயம் இருக்கிறது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் உண்டு. அதே காட்டில் காலராவிலும் பட்டினியிலும் செத்த நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அந்த வெற்றிடத்தில் எழுந்ததுதான்.

ஆனால் எல்லாத் தோட்டக் கதைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லயத்து வீடு, கிழிந்த சேலை, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, கொடுமைக்காரக் கங்காணி என்று வாசகனை அழவைப்பதோடு நின்றுவிட்ட கதைகள் ஏராளம். அவற்றில் தொழிலாளி துன்பப்படுவான், யோசிக்க மாட்டான். கோபப்படவோ கேலி பேசவோ அவனுக்கு இடமே இருக்காது. அவனுக்குச் செய்யப்படும் இரண்டாவது அநியாயம் அது. தோட்டத்துக்குள்ளேயே சாதி பார்த்ததையும், வேலைக்காட்டிலிருந்து திரும்பிய பெண்ணை வீட்டில் புருஷனே அடித்ததையும் பேசத் தயங்கிய எழுத்து, துரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொண்டது.

சீ. முத்துசாமியின் 'மண் புழுக்கள்' அப்படித் தப்பிக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் அங்கே தோட்டத்துப் பேச்சையே பேசுகிறார்கள், ஏசுகிறார்கள், சிரிக்கிறார்கள். யாரும் அவர்களுக்காகப் பரிதாபப்பட வேண்டியதில்லை. 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது இந்தக் கெடா மாநிலத்து எழுத்தாளரைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

நகரத்துக்கும் வருவோம். ம. நவீனின் 'சிகண்டி' 2021-இல் வந்தது. கோலாலம்பூர் சௌக்கிட் சந்துகளில் வாழும் திருநங்கைகளின் உலகம் அது. பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோகும் இடம். அங்கே தாய்மை இருக்கிறது, போட்டி இருக்கிறது, வன்முறையும் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர்களைப் புனிதர்களாக்காமல் எழுதத் துணிவு வேண்டும்.

இன்று கோல லங்காட்டின் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். கடனோடு கப்பலேறிய நம் தாத்தாக்கள் பலரைப் போலவே இவர்களில் பலரும் முகவருக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவர்கள். கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களும் உண்டு. அவர்களை வேலை வாங்கும் மண்டோர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். அந்த மண்டோரின் கண்ணால் ஒரு நாவல் தமிழில் வர வேண்டும். தாத்தா பிரட்டுக் களத்தில் கைகட்டி நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த பேரன், இன்று அதே களத்தில் பெயர் வாசிக்கிறான். அவனை எழுத நம்மில் ஒருவரால்தான் முடியும்.