அவைக்கு மக்கள் ஏன் வருகிறார்கள்?

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'ஊர்ப் பொது அவையும் மக்கள் பங்கேற்பும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தலைப்பில் பேச வருவோர் பெரும்பாலும், 'மக்கள் ஏன் வருவதில்லை?' என்று குறைபட்டுக்கொள்வது வழக்கம். நான் அவ்வினாவைத் திருப்பிக் கேட்க விரும்புகிறேன். வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள்? அரைநாள் வேலையை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து வந்து, மரத்தடியில் அமர்ந்திருக்கும் மனிதரை அங்கே அழைத்து வந்தது எது? இதற்கு விடை கண்டால், வராதவரை வரவழைக்கும் வழியும் புலப்படும்.

ஊர் கூடுவது தமிழருக்குப் புதிதன்று. மன்றம், பொதியில், அம்பலம், அவை என்று ஊர் கூடும் இடத்திற்குப் பல சொற்களைப் பெற்ற மொழி நம்முடையது. திருக்குறளில் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அவைக்கு வருவதற்குத் தயக்கமும், வந்தபின் வாய் திறப்பதற்கு அச்சமும் மனிதர்க்கு இயல்பு என்பதை உணர்ந்தே இவை அமைக்கப்பட்டன என்று கருதலாம். அந்தத் தயக்கத்தையும் அச்சத்தையும் போக்குவது எது என்பதே நம் ஆராய்ச்சி.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போய்வாருங்கள். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். ஆண்டு வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதவிக்காலம் 360 நாட்கள்.

பாடநூல் அதிகம் சொல்லாத சில நுட்பங்களை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். குடத்தை அவையோர் அனைவரும் காணுமாறு உயர்த்திக் காட்டவேண்டும். எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தவேண்டும். அவர் படித்த பெயரை அங்குள்ள மற்றவர்களும் படிக்கவேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிடத் தகுதியற்றவர் ஆவர். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. இந்த விதிகள் யாவும் ஒன்றையே உறுதி செய்கின்றன: 'இங்கே நடப்பது உங்கள் கண்முன் நடக்கிறது, கணக்கு உங்களுக்குச் சொல்லப்படும்.' இந்த உறுதி இருந்தால் மக்கள் வருவார்கள். ஓலை எடுக்கும் நாளில் சிறியோர் முதல் பெரியோர் வரை சபை நிறைய வேண்டும் என்று அக்கல்வெட்டே சொல்கிறது.

அம்முறையைக் குறையற்றதென்று புகழ நான் வரவில்லை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர்க்கே வாரியத்தில் இடம். பெண்களுக்கும் நிலமற்ற உழவர்க்கும் அங்கே குரலில்லை. ஏரியில் மண் சுமந்தவரின் சொல் ஏரி வாரியத்தில் ஏறவில்லை. இக்குறையை நீக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அவரை யாரும் நியமிக்க வேண்டியதில்லை, நீக்கவும் இயலாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. குடிநீர், தெருவிளக்கு, வரவு செலவு, வீடு பெறுவோர் பட்டியல் என்று எதையும் அங்கே கேட்கலாம்.

ஆயினும் பல ஊர்களில் கூட்டம் முடிந்தபின் வருகைப் பதிவேடு வீடு வீடாகச் செல்வதாகக் கேள்விப்படுகிறோம். ஆள் வராமல் கையெழுத்து மட்டும் வருகிறது. மக்களுக்கு அக்கறையில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. அக்கறையற்றவர்கள் என்று எவரும் எதிர்பார்க்காத ஒரு மலைநாட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒடிசா மாநிலத்தில் நியமகிரி மலை இருக்கிறது. அங்கே வாழும் டோங்கரியா கோண்டு பழங்குடியினர் அம்மலையைத் தெய்வமாகப் போற்றுகின்றனர். அதில் பாக்சைட் கனிமம் தோண்டும் திட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கிராம சபைகளே இதைப் பற்றி முடிவு கூறட்டும் என்று 2013 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 12 சிற்றூர்களில் சபை கூடியது. மழைக்காலத்தில், மலைப்பாதையில் நடந்து மக்கள் வந்தார்கள். மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க, தம் மொழியில் பேசினார்கள். 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் நடுவண் அரசு அத்திட்டத்திற்கு அனுமதி மறுத்தது.

அவர்கள் ஏன் வந்தார்கள்? உணவுப் பொட்டலத்திற்கோ, பரிசுப் பொருளுக்கோ வரவில்லை. தாம் சொல்லும் சொல்லால் ஒன்று நடக்கும், சொல்லாவிட்டால் வேறொன்று நடந்துவிடும் என்று அறிந்து வந்தார்கள். என் உரையின் சாரம் இதுதான். தன் சொல்லுக்கு விடை உண்டு என்று நம்புகிறவன் அவைக்கு வருவான். விடையே வராத இடத்திற்கு இரண்டு முறை வருவான். மூன்றாம் முறை வரமாட்டான்.

ஒருவர் வராமல் போனால் இழப்பு அவருக்கு மட்டுமா? எங்கள் ஊர்ச் சபை ஒன்றில் ஏரிக்கால்வாயைப் பற்றிப் பேச்சு நடந்தது. கரையைப் பலப்படுத்தினால் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார், கரையில் குறையில்லை. சாலைக்கு அடியில் போகும் குழாய் மண்ணடைத்துக் கிடக்கிறது என்றார். கடைமடையில் நாற்று நடுபவருக்கு அது தெரியும். மேட்டில் இருப்பவருக்குத் தெரியாது. உண்மைக்குப் பல பக்கங்கள் உண்டு, ஒருவர் பார்வையில் முழுமையும் அடங்காது என்னும் அநேகாந்தத்தை நாம் நூலில் கற்கிறோம். ஊரவையில் அதைக் கண்ணால் காணலாம். ஒருவர் எழுந்து போனால், உண்மையின் ஒரு பக்கமும் அவரோடு எழுந்து போய்விடுகிறது.

திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் ஏரியை நம்பி உழுது வாழ்ந்தவை நம் குடும்பங்கள். இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஊரில் முதியவர்கள் இருக்கிறார்கள். அந்த முதியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'என் பிள்ளைகளே இங்கில்லை, எனக்கு எதற்கு?' என்று வீட்டிலிருந்து விடாதீர்கள். எந்த மதகு எந்த ஆண்டு கட்டப்பட்டது, எந்த ஓடை எங்கே ஓடியது என்பது உங்கள் நினைவில் இருக்கிறது. அதை அவையில் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். நகரத்தில் வாழும் இளையோரே, குடிபெயர்ந்த இடத்திலும் நீங்கள் குடிகளே. வார்டுக் கூட்டமோ, குடியிருப்போர் சங்கமோ நடக்கும் நாளில், ஒரு கேள்வியோடு போய் அமருங்கள்.

கடைசியாக, இந்த மேடையில் இருக்கும் நிர்வாகிகளுக்கும் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். நம் அறக்கட்டளையின் பொதுக்குழுவும் ஓர் அவைதான். வருகை குறைகிறது என்று வருந்துகிறோம். வராதவரைக் கடிந்து பயனில்லை. மூன்று செயல்களைச் செய்து பாருங்கள். கூட்டம் தொடங்கியவுடன், சென்ற கூட்டத்தின் ஒவ்வொரு தீர்மானமும் என்னவாயிற்று என்று படியுங்கள். நடக்காததை நடக்கவில்லை என்றே படியுங்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு வாரம் முன்பே உறுப்பினர் கையில் கொடுங்கள். வாழ்த்துரைகளுக்கு முன்பாகப் பெண்களுக்கும் இளையோர்க்கும் பேச நேரம் ஒதுக்குங்கள். நாற்காலிகளைக் கூட்டிப் போடவேண்டிய நிலை தானே வரும்.

குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்டிய ஊர்கள் நம் பக்கத்து ஊர்கள். அந்தக் குடத்தை இன்று உயர்த்திப் பிடிக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்திருக்கிறது.