குளத்தில் இருப்பது வண்டலா, சாயச் சேறா? சோதித்துச் சொல்!

(நொய்யல் கரையோர விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



ஒரத்துப்பாளையம் அணைக் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1992-இல் திறந்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் என்றார்கள். வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணி. பாசன அணையைத் திறக்காதே என்று விவசாயியே போராடிய கொடுமை நம்ம ஊரில் நடந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் நடத்திய வழக்கில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டறைகள் ஓடுகின்றன. சரி, அதுக்கு முந்தி வருசக்கணக்கில் ஓடின சாயம் எங்கே போச்சு?

அடியில் இருக்குதுங்க. உப்பில் ஒரு பங்கு தண்ணியோட போகும். குரோமியம், ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் நைசான களிமண்ணைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். காற்றுப் படாத சேற்றில் அதில் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கும். தோண்டி வெயிலில் பரப்பினால் காற்றுப் பட்டு அந்தக் கட்டு அவிழும். ஈயம் பெரும்பாலும் வேரோட நிற்கும். காட்மியம் கீரைக்குள் சுலபமா ஏறும். அந்தக் கீரையைத் தின்பது நம்ம பிள்ளைகள்.

இதை ஏன் இப்ப பேசுறேன்? வயலுக்கு வண்டல் இலவசம், 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியே போதும். நல்ல திட்டம்தான், வேண்டாம்னு சொல்லல. மழைத் தண்ணி மட்டும் வந்த குளத்து வண்டல் எருவுக்குச் சமம். ஆனால் சாயத் தண்ணி நின்ன குளத்திலும் அதே டிப்பர்தானே இறங்கும்?

மண்வள அட்டை இருக்கேன்னு கேப்பீங்க. அதில் 12 விசயம் பாக்குறாங்க. தழை, மணி, சாம்பல், உப்பு நிலை, துத்தநாகம், இரும்பு எல்லாம் உண்டு. குரோமியமும் காட்மியமும் ஈயமும் இல்லை. உரம் போட வழி சொல்ற அட்டை அது, நஞ்சைக் காட்டாது.

இன்னொரு பக்கம் மறுசுழற்சி என்கிறார்கள். சாயக் கழிவுச் சேற்றைச் சிமெண்ட் சூளையில் போடுவது, செங்கல்லில் கலப்பது என்று ஆராய்ச்சி நடக்குது. நடக்கட்டும். அதிலும் ஒரு கேள்வி உண்டு. உலோகம் எவ்வளவு இருக்குங்கிறது ஒண்ணு, மழையில் எவ்வளவு கசிஞ்சு வரும்ங்கிறது வேற. பொருளைப் பொடிச்சு லேசான அமிலத் தண்ணியில் 18 மணி நேரம் சுழற்றி, வடிஞ்ச தண்ணியைச் சோதிக்கிற முறை ஒண்ணு இருக்கு. அதில் தேறாத கல்லை நம்ம கிணத்துமேட்டில் அடுக்க விடக்கூடாது.

செலவு யாருதுன்னு இழுப்பாங்க. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஆலைகள் 1977 வரை பி.சி.பி. என்ற நஞ்சை விட்டன. நிறுத்தி முப்பது வருசம் ஆகியும் அது சேற்றில் அப்படியே கிடந்தது. 2009 முதல் 2015 வரை அந்தக் கம்பெனி செலவிலேயே தோண்டி எடுத்தாங்க. அங்கே கெடுத்தவன் கொடுத்தான். இங்கே மட்டும் எதுக்கு விவசாயி கொடுக்கணும்?

நாம கேக்குறது இதுதான். சாயத் தண்ணி பாய்ந்த ஒவ்வொரு குளத்திலும் வண்டலுக்கு அனுமதி தரும் முன்னே உலோகச் சோதனை செய். முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு. தேறாத சேற்றைக் கெடுத்தவர் செலவில் அப்புறப்படுத்து.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோம். வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் வாங்க. உங்க ஊர்க் குளத்து மண் ஒரு பை, கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில், மேலே ஊர்ப் பேரும் குளத்துப் பேரும் எழுதிக் கொண்டு வாங்க. ஆட்சியர் மேசையில் வைப்போம்.