ஒரு பருவத்துக்கு அயல்நாட்டுப் படிப்பு



தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவது இன்று அதிசயமான செய்தியல்ல. நம் ஜொகூரிலேயே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. குளுவாங், ரெங்கம், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளை ஒருநாள் ஒரு பாரத்தை நீட்டி, "அப்பா, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். ஒரு செமஸ்டர் ஜப்பானில் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லும். வீடு கலங்கிப் போகும். கிடைத்த இடத்தை விட்டுவிட்டு எங்கே போகிறது இந்தப் பிள்ளை? பணத்துக்கு யார் பொறுப்பு? படிப்பு நின்றுவிடுமா? இந்தக் கேள்விகளைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். இது இடத்தை விட்டுவிட்டுப் போவதல்ல. இதற்கு மாணவர் பரிமாற்றம் என்று பெயர். நம் பல்கலைக்கழகமும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. நம் பிள்ளை அங்கே போகும். அவர்கள் பிள்ளை இங்கே வரும். ஏறக்குறைய பண்டமாற்றுப் போலத்தான். பிள்ளை இங்கே கட்ட வேண்டிய கட்டணத்தை இங்கேயே கட்டுகிறது. அங்கே பாடக் கட்டணம் கேட்கமாட்டார்கள். ஒரு பருவமோ இரண்டு பருவமோ படித்துவிட்டுத் திரும்பி வந்து, இங்கேயே பட்டம் வாங்குகிறது.

கடல் கடந்து போய்ப் படிப்பது நமக்குப் புதிதுமல்ல. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிழைப்புத் தேடி அதில் வந்தவர்கள் நம் முன்னோர். அதே கப்பலில் எதிர்த்திசையில், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்கப் போன இந்நாட்டு மாணவர்களும் உண்டு. 1982இல் அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். ஆனால், அப்படிப் போனவர்கள் முழுப் படிப்பையும் அங்கேயே முடித்தவர்கள். நாம் பேசுகிற பரிமாற்றம் வேறு வகை.

ஐரோப்பாவில் 1987இல் எராஸ்மஸ் என்ற பெயரில் இது பெரிய அளவில் தொடங்கியது. முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,200 மாணவர்களே போனார்கள். பிறகு அது இலட்சக்கணக்காகப் பெருகியது. நம் வட்டாரத்தில் 2010இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. பின்னர் மற்ற நாடுகளும் அதில் இணைந்தன. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட துறைகளில் ஒன்று விவசாயம். ரப்பரும் செம்பனையும் சூழ வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் ஒரு முன்கை உண்டு என்பது நம் எண்ணம்.

இனி, பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருவோம். பிள்ளை அங்கே படித்த பாடம் இங்கே கணக்கில் சேருமா என்பதே அது. இதைக் கவனிக்காமல் போனவர்கள், திரும்பி வந்து அதே பாடத்தை மறுபடியும் படிக்க நேரும். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். கல்விக் கடனும் கூடும்.

தோட்டத்துப் பால் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். வாளியில் கொண்டுவந்த பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் ரப்பர் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்துத்தான் கணக்கு எழுதுகிறார்கள். மழைத் தண்ணீர் கலந்த பால் எடையில் நிற்கும், கணக்கில் நிற்காது. பாடங்களுக்கும் அப்படி ஓர் அளவு இருக்கிறது. மலேசியாவில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் உழைக்க வேண்டிய பாடம். வகுப்பில் உட்காருவது, வீட்டில் படிப்பது, பரீட்சை எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். ஐரோப்பாவில் ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேரம்தான். ஆகவே இங்கே 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். அங்கே 5 புள்ளிப் பாடத்துக்கு 125 முதல் 150 மணி நேரம். இரண்டும் ஈடாகும். பிள்ளை அங்கே 3 புள்ளிப் பாடத்தை எடுத்துவிட்டு, "மூன்றுக்கு மூன்று சரியாகப் போயிற்று" என்று நினைத்தால், இங்கே வந்ததும் குறை விழும்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. புறப்படும் முன்பே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று எழுதி, இங்குள்ள துறையின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். அங்கே போன பிறகு, நினைத்த பாடம் அந்தப் பருவத்தில் நடக்கவில்லை என்று தெரிய வரலாம். இது அடிக்கடி நடப்பதுதான். அப்போதும் வேறு பாடத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். விரிவுரையாளர் தொலைபேசியில் 'சரி' என்று சொன்னது போதாது. இன்னொன்று: ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலிலும், கொரியாவில் மார்ச்சிலும், ஐரோப்பாவில் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரிலும் தொடங்குகிறது. இங்கே பரீட்சை முடியுமுன் அங்கே வகுப்புத் தொடங்கிவிடுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சொல்வோம். பாடக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. விமானச் சீட்டு, விசா, தங்கும் அறை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் கைச் செலவு. ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிற மாணவர் அந்நாட்டு மருத்துவக் காப்புறுதியில் சேர்ந்தே ஆக வேண்டும். உபகாரச் சம்பளம் கொடுக்கிற திட்டங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் அனைத்துலகப் பிரிவில் விசாரித்தால் சொல்வார்கள். ஆனால், அந்தப் பணம் முதல் மாதமே கைக்கு வரும் என்று நம்பிப் போகக்கூடாது. வங்கிக் கணக்குத் திறந்து, பதிவு முடிந்து வருவதற்குள் ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகிவிடும். இரண்டு மாதச் செலவைக் கையில் கொண்டுபோவது நல்லது. அனுமதி பெற்றால் ஜப்பானில் வாரம் 28 மணி நேரம் வரை மாணவர் பகுதி நேர வேலை செய்யலாம். மொழி தெரியாத பிள்ளை அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

உதவி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுமுன் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், தாய்மார்களே. பரிமாற்றத்துக்கு இடைத்தரகர் எவரும் தேவையில்லை. விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் வழியாகவே போகிறது. கமிஷன் கேட்டு யாராவது லயத்துப் பக்கம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது பத்திரங்கள். தோட்டத்தில் பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. கடப்பிதழ் எடுக்கக் குடியுரிமை வேண்டும். அதாவது நீல அடையாள அட்டை வேண்டும். சிவப்பு அட்டைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. பிறப்புப் பதிவு விட்டுப்போன பிள்ளைக்கு எதுவும் நகராது. பல்கலைக்கழகக் கடிதம் வந்த பிறகு தேசியப் பதிவு இலாகாவுக்கு ஓடினால் காலம் போதாது. பிள்ளை ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள். தகப்பனார் பெயர் அதில் ஒரு மாதிரியும் அவருடைய அடையாள அட்டையில் வேறு மாதிரியும் எழுத்துக் கூட்டப்பட்டிருந்தால், அதையும் அப்போதே கேளுங்கள். அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து இன்று வெளிநாட்டு அலுவலகத்தில் கேள்வியாக நிற்கிறது. கடப்பிதழ் வேறு, விசா வேறு என்பதும் நினைவிருக்கட்டும். முன்னதை நம் குடிநுழைவுத் துறை தருகிறது. பின்னதைப் போகிற நாடு தர வேண்டும்.

பெயர் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அங்குள்ள பாரங்களோ குடும்பப் பெயரைக் கேட்கும். கடைசியில் இருக்கிற தகப்பனார் பெயரே அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு வகுப்பில் ஆசிரியர் பிள்ளையை அழைப்பதெல்லாம் அப்பன் பெயரால்தான். தீம்பாரில் செம்பனைக் குலை தூக்குகிற மனிதரின் பெயர் எங்கோ ஒரு பனி நாட்டு மண்டபத்தில் ஒலிக்கும். பிள்ளை திடுக்கிட்டுக் கைதூக்கும்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று கேட்பீர்கள். ஆணானாலும் பெண்ணானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. தங்கும் இடம் பல்கலைக்கழக விடுதியா, வெளியிலா? போய் இறங்குகிற அன்று அழைத்துப் போக யார் வருவார்கள்? அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண் வீட்டில் எழுதி இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைக்காமல் மகனையும் அனுப்ப வேண்டாம். பதில் கிடைத்தால் மகளையும் தடுக்க வேண்டாம். ஸ்கூடாய்க்கு நாம் அனுப்பியபோதும் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

குளிரும் சாப்பாடும் முதல் மாதம் படுத்தும். அரிசி அநேகமாக எங்கும் கிடைக்கிறது. மிளகாய்த் தூளும் புளியும் இங்கிருந்து போகட்டும். கம்பளி உடுப்பை இங்கே வாங்குவதைவிட அங்கே போய் வாங்குவது மேல். இந்த ஊர்க் கடையில் கிடைக்கிற கம்பளி அந்த ஊர்க் குளிருக்குத் தாங்காது.

கடைசியாக, பேசுகிற நேரம். ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே போன பிள்ளையோடு சாயந்திரம் பேசலாம். ஜெர்மனி போன்ற நாடுகள் குளிர்காலத்தில் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். நீங்கள் வேலைக்குப் புறப்பட எழுந்து அடுப்பு மூட்டுகிற காலை 5 மணி, அங்கே முந்தின நாள் இரவு 10 மணி. பிள்ளை சாப்பிட்டு முடித்துப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். அப்போது கூப்பிடுங்கள்.