கோடும் பலகையும் ஒன்றையே சொல்லட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு என்று நீண்ட பட்டியலுக்கு நடுவே எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயற்குழுவுக்கு நன்றி. நான் பேச வந்தது சாலையில் அடிக்கும் பெயின்ட் பற்றி.

வண்டி ஓட்டுபவரிடம் சாலை பேசுவது கோடுகளாலும் பலகைகளாலும்தான். அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. சிவப்பு வளையமிட்ட வட்டப் பலகை பெரும்பாலும் 'செய்யாதே' என்கிறது. நீல வட்டம் 'இப்படித்தான் போக வேண்டும்' என்கிறது. சிவப்புக் கரையிட்ட முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். சாலை நடுவே விட்டுவிட்டு வரும் கோட்டை, பாதுகாப்பாக இருந்தால் தாண்டலாம். தொடர்கோட்டைத் தாண்டக்கூடாது.

கோடே இல்லாத இடத்தில் தயங்கியாவது போவோம். ஒரே இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னால், நீங்கள் ஒன்றை நம்பிப் போவீர்கள். எதிரே வருபவர் மற்றதை நம்பி வருவார். ஆபத்து அங்கேதான்.

நம் கேட்டுக்கு வெளியே பாருங்கள். பழைய கோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே கறுப்புப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். மழை இரவில் ஹெட்லைட் பட்டால் அந்தக் கறுப்பும் பளபளத்துக் கோடாகவே தெரிகிறது. சற்றுத் தள்ளி ஒரு வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மேலே பளிச்சென்று பட்டைகள் வேண்டும். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும். நம் தெருவில் இருப்பதோ, தார் மேல் தார். காலையில் பள்ளி வேனுக்குக் குழந்தைகள் நிற்பது அதன் பக்கத்தில்தான்.

பொதுச் சாலையில் நாமே பெயின்ட் அடிக்க முடியாது. எழுதிக் கொடுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு வந்தது. சாலைப் பராமரிப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. புகைப்படமும் தேதியும் வைத்து நாம் முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது.

அதே சட்டத்தின் 116ஆம் பிரிவு நமக்கும் பொருந்தும். பொதுச் சாலையில் போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரம் அரசுக்கும் அரசு அனுமதித்தவர்களுக்கும்தான். நம் மதிலை ஒட்டி பிளாட்பாரத்தில் நிற்கும் இரண்டு 'நோ பார்க்கிங்' பலகைகளுக்குச் சட்டப்படி மதிப்பில்லை. வாய்ச்சண்டைக்குத்தான் பயன்படுகின்றன. தேவையென்றால் முறைப்படி போக்குவரத்துக் காவல்துறையிடம் கேட்போம்.

உள்ளேயும் வேலை இருக்கிறது. பேஸ்மென்ட் சரிவில் தரை அம்புக்குறி 'உள்ளே' என்கிறது. சுவர்ப் பலகை 'வெளியே' என்கிறது. நமக்குப் பழகிவிட்டது. இரவில் முதல் முறை வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அது எப்படித் தெரியும்?

மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, வேகத்தடைக்கும் பழைய கோட்டுக்கும் படத்துடன் இந்த வாரமே கடிதம். இரண்டு, பிளாட்பாரப் பலகைகளை அகற்றுவது. மூன்று, உள்ளே பழைய அம்புக்குறிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரவில் ஒளிரும் பெயின்டில் புதிதாக வரைவது. வரைந்த பிறகு, இங்கே வந்தே இராத ஒருவரை ஓட்டச் சொல்லிப் பார்ப்போம். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே இன்னும் வேலை மிச்சம்.

உங்கள் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.