கூலி விழும் கணக்குக்கு அபராதமா?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாங்கிக் கணக்கை இலவசமாக நடத்த வேண்டுமா, அல்லது கட்டணம் வாங்கலாமா என்று பெரிய மனிதர்கள் விவாதிக்கிறார்கள். நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கணக்கு வேண்டுமென்று நாமா போய் நின்றோம்? 1936-ம் வருஷத்துக் கூலிப் பட்டுவாடாச் சட்டப்படி, தொழிலாளி எழுதிக் கொடுத்தால்தான் கூலியைக் கணக்கில் போடலாம் என்றிருந்தது. இல்லாவிட்டால் ரொக்கமாகக் கையில் தர வேண்டியிருந்தது. 2017-ல் அதைத் திருத்தினார்கள். கூலியைச் செக்காகவோ கணக்கிலோதான் கொடுக்க வேண்டுமென்று சர்க்கார் உத்தரவிடலாம் என்றாகிவிட்டது. நூறு நாள் வேலைக் கூலியும் கணக்குக்குத்தான் வந்தது. பாங்கி வாசலுக்கு நம்மை அனுப்பியவர்கள் அவர்கள். அங்கே வாசற்படிக் காசும் நம்மிடமே கேட்டால் அது என்ன நியாயம்?

‘குறைந்தபட்ச இருப்பு’ என்பது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மாதச் சராசரி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் இரவில் கணக்கில் இருப்பதைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். ஏழாம் தேதி பத்தாயிரம் ரூபாய் கூலி விழுகிறது. எட்டாம் தேதி வீட்டு வாடகை, மளிகைக் கடைப் பாக்கி, பள்ளிக்கூடச் செலவு என்று முழுவதையும் எடுத்துவிடுகிறோம். கணக்கில் பணம் தங்கியது ஒரே ஒரு இரவு. பத்தாயிரத்தை முப்பதால் வகுத்தால் 333 ரூபாய். ஆயிரம் ரூபாய் இருக்க வேண்டிய கணக்கானால் நாம் குற்றவாளி! லட்ச ரூபாயைத் தூங்கப் போட்டிருப்பவனுக்கு ஒரு பைசா அபராதம் கிடையாது. எடுத்துச் சாப்பிட்டவனுக்கு உண்டு. அந்த அபராதத்தின் மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரி வேறு.

2017 ஏப்ரலில் இந்திய ஸ்டேட் பாங்கி இந்த அபராதத்தைக் கொண்டுவந்தது. பெருநகரத்தில் 5,000, கிராமத்தில் 1,000 ரூபாய் இருக்க வேண்டும் என்றது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இப்படி வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அந்த வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை அது சம்பாதித்த நிகர லாபமே 1,581 கோடிதான்! பின்னர் 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சர்க்காரே ஒரு கணக்குச் சொன்னது. 2018 முதல் பொதுத்துறை பாங்கிகளும் ஐந்து பெரிய தனியார் பாங்கிகளும் இருப்புக் குறைவுக்காக 21,000 கோடிக்கு மேல் வசூலித்திருந்தன. அதிகப்படி ஏ.டி.எம். உபயோகத்துக்கு 8,000 கோடிக்கு மேல். குறுஞ்செய்திக்கு 6,000 கோடிக்கு மேல்.

தாய்மார்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே சில பாங்கிகள் பழைய அபராத பாக்கி என்று அதில் கை வைத்தன. மாநில நிதி மந்திரி அறிக்கை விட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது.

சரி, எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்போம். ‘கட்டடம், குமாஸ்தா சம்பளம், யந்திரம் எல்லாவற்றுக்கும் செலவாகிறது. ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?’ என்கிறார்கள். செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்நூறுக்குப் பாங்கி நமக்கு என்ன கொடுக்கிறது? 2025 ஜூனில் ஸ்டேட் பாங்கி சேமிப்பு வட்டியை 2.5 சதவிகிதமாக இறக்கியது. அதே பணத்தை வீட்டுக் கடன், நகைக் கடன் என்று கொடுக்கும்போது வாங்குவது அதைப் போல மூன்று மடங்கும் அதற்கு மேலும். கட்டணம் அந்த இடைவெளியிலேயே அடங்கியிருக்கிறது. ஒற்றைக் கணக்கு சிறியதுதான். ஆனால் 2014-ல் ஆரம்பித்த ஜன் தன் கணக்குகளைப் பாருங்கள். இருப்பு வேண்டாம் என்று திறந்தவை அவை. 2025 ஆகஸ்டில் 56 கோடி கணக்குகளில் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கிடந்தது. கையில் மிஞ்சினால் ஏழையும் போடுகிறான். அபராதம் போட்டு அவனுக்குச் சிக்கனம் கற்பிக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் ஸ்டேட் பாங்கி அபராதத்தை அடியோடு எடுத்தது. பாங்கி கவிழ்ந்துவிட்டதா? 2019-20-ல் 14,488 கோடியாக இருந்த அதன் லாபம் 2024-25-ல் 70,901 கோடி. அபராதம் போனதால்தான் லாபம் வந்தது என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாமல் பாங்கி நடக்காது என்ற பேச்சு பொய் என்கிறோம். 2025-ல் கனரா பாங்கி, பஞ்சாப் நேஷனல், இந்தியன் பாங்கி முதலியவையும் அதே வழிக்கு வந்தன. அதே ஆகஸ்டில் தனியார் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கி நகரத்துப் புதுக் கணக்குக்கு 50,000 ரூபாய் என்றது. கூச்சல் கிளம்பியதும் சில நாட்களில் 15,000 என்று இறங்கியது. எவ்வளவு வைப்பது என்பது அந்தந்த பாங்கியின் இஷ்டம் என்றார் ரிசர்வ் பாங்கி கவர்னர். நமக்கு ஆட்சேபம் இங்கேதான். இன்று இஷ்டப்பட்டு எடுத்ததை நாளை இஷ்டப்பட்டுப் போடலாமே! கூலி விழும் கணக்குக்கு இருப்பு அபராதம் கூடாது என்று சட்டமாகவே எழுத வேண்டும்.

அதுவரை கையிலிருக்கும் உரிமையை விடாதீர்கள். ரிசர்வ் பாங்கியின் உத்தரவுப்படி, இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எந்த பாங்கியும் தர வேண்டும். மாதம் நாலு தடவை பணம் எடுக்கலாம், கட்டணமில்லை. பழைய கணக்கை இப்படி மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். சாதாரணக் கணக்கானாலும், இருப்பு குறைந்தால் முன்னறிவிப்புக் கொடுத்து, சரி செய்ய ஒரு மாதமாவது தவணை தராமல் அபராதம் போடக் கூடாது. அபராதத்தால் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கவும் கூடாது. மீறினால் பாங்கியிடம் மனுக் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குச் செலவில்லை. எழுதத் தெரியாதவர்கள் பாஸ் புத்தகத்தில் பதிவு போட்டுக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.