மலைச் சரிவுக்கு ஒரு சைக்கிள்



இன்று சைக்கிளைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்துச் சைக்கிளைப் போன்ற தோற்றமுள்ள ஒருவகைச் சைக்கிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கனத்த இரும்புச் சட்டம், அகலமான ஹேண்டில்பார், தடித்த டயர். கியர் கிடையாது. பெரும்பாலும் கைப்பிடியில் பிரேக்கும் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். இதைக் கோஸ்டர் பிரேக் என்பார்கள். நாம் பின்மிதி பிரேக் என்றே சொல்லிக் கொள்வோம்.

பாகங்கள் குறைவு, ஆகவே விலையும் குறைவு. பிரேக் சக்கரத்தின் குடத்துக்குள்ளே மறைந்திருப்பதால் மழையில் நனைவதில்லை. சமவெளியில் இது நல்ல சைக்கிள். ஆனால் கோலா தெர்லாவில் வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றமும் இறக்கமும்தான். இங்கே இதை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் பொருத்தாமல் சரிவில் இறக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

பின்சக்கரக் குடத்துக்குள்ளே உலோகத்தாலான பிரேக் கட்டைகள் இருக்கின்றன. பெடலைப் பின்னுக்கு மிதித்தால், உள்ளே ஒரு கூம்பு மரையின் வழியே நகர்ந்து அந்தக் கட்டைகளை அகட்டுகிறது. அவை குடத்தின் உட்சுவரில் அழுந்தி உராய்கின்றன. உராய்வினால் வேகம் குறைகிறது. குறைந்த வேகம் வெப்பமாக மாறுகிறது.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் உண்டாகும் வெப்பம், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதி கைக்குள் அடங்கும் அந்தச் சிறிய குடத்தில்தான் சேர்கிறது. உள்ளே இருக்கும் கிரீஸ் உருகும், புகையும். பிறகு பிரேக் சரியாகப் பிடிக்காது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் மரின் மாவட்டத்திலும் மலைகள் உண்டு. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட பழைய கனத்த சைக்கிள்களை மலிவாக வாங்கி, மண்பாதையில் கீழே ஓட்டினார்கள். கடகடவென்று ஓடும் அந்தப் பழைய வண்டிகளுக்குக் ‘கிளங்கர்’ என்று பெயர். அவற்றிலும் பின்மிதி பிரேக்தான். 1976 அக்டோபர் 21-ஆம் நாள் ஒரு செங்குத்தான பாதையில் முதல் பந்தயம் வைத்தார்கள். அந்தப் பாதையில் ஒருமுறை இறங்கி வந்தாலே குடத்திலிருந்த கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். வீட்டுக்குப் போய் மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் பிறகு கைப்பிடி பிரேக்குகளையும் கியரையும் பொருத்தினார்கள். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய சட்டம் செய்தார். இன்று உலகெங்கும் ஓடும் மலைச் சைக்கிள் அப்படித்தான் வளர்ந்தது. இப்போது கடையில் விற்கும் பழைய பாணிச் சைக்கிள், அந்தக் கிளங்கரின் தோற்றத்தைக் கொண்டது. அதன் குறையும் கூடவே வந்திருக்கிறது.

சூடு மட்டுமல்ல, வேறு குறைகளும் உண்டு. செயின் கழன்றாலோ அறுந்தாலோ பின்மிதி பிரேக் அறவே இல்லாமல் போகும். மேலும், சரிவில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பாரம் குறைந்த பின்சக்கரம் நின்றுபோய், ஈரச் சாலையில் வழுக்கும். காய்கறி லாரியும் லேண்ட்ரோவரும் எதிரே வரும் வளைவில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்? முதலில் முன்ஃபோர்க்கைப் பாருங்கள். பிரேக் மாட்டுவதற்கு அதன் தலைப்பகுதியில் துளையோ, இரு கால்களிலும் குமிழ்களோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர்க்கையே மாற்ற நேரும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அடுத்து, பின்சக்கரக் குடத்திலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு சட்டத்தோடு பட்டையால் பிணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டையும் போல்ட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். அது கழன்றால் பிரேக் வேலை செய்யாது. பழைய சைக்கிளானால், ஹேண்டில்பாருக்குக் கீழே சட்டம் கூடும் இடத்தில் விரிசல் உண்டா என்று பெயின்ட்டைத் துடைத்துப் பாருங்கள். பிறகு பெடலைப் பின்னுக்கு அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். பின்சக்கரம் உருளாமல் தரையில் இழுபட வேண்டும்.

வாங்கிய பிறகு கையில் உள்ள பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது? பிள்ளைகள் முதலில் புதுப் பெயின்ட்டும் புதுச் சீட்டும் கேட்பார்கள். அவை கடைசியில் வரட்டும்.

முதல் செலவு முன் பிரேக். தடித்த டயரைச் சுற்றி எட்டும்படி நீண்ட கையுள்ள பிரேக்காகக் கேட்டு வாங்குங்கள். ரிம் பளபளக்கும் இரும்பாக இருந்தால் மழையில் பிரேக் கட்டை வழுக்கும்; அலுமினிய ரிம்மில் நன்றாகப் பிடிக்கும். நம் ஊரின் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் அந்த மாற்றம் பணத்துக்குத் தகுந்த பலன் தரும்.

இரண்டாவது செலவு பின்பல்சக்கரம். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் இருந்தால், ஒரு சுற்று மிதித்ததும் 26 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 5 மீட்டர் ஓடும். ஏற்றத்தில் முழங்கால் வலிக்கும். பின்னே 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல்தான் ஓடும், மிதிப்பது இலேசாகும். பின்னுக்கு மிதிக்கும்போதும் பிரேக்குக்குக் கூடுதல் பலம் கிடைக்கும். இதற்குச் செயினில் ஓரிரு கண்ணிகள் சேர்க்க நேரலாம். செயின் நடுவில் மேலும் கீழும் அரை அங்குலம் அசைந்தால் போதும். அதற்கு மேல் தளர்ந்தால் கழன்றுவிடும்.

மூன்றாவது, நல்ல பட்டை வெட்டுள்ள டயர். தலைக்கவசத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது சைக்கிளோடு சேர்த்தே வாங்க வேண்டியது.

இனி ஓட்டும் முறை. வேகம் எடுத்த பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இறங்கும்போது இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அப்போதுதான் உடனே பின்னுக்கு மிதிக்க முடியும். எரிந்த கிரீஸ் வாடை வந்தால் நின்றுவிடுங்கள். குடத்தைக் கையால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும். பிறகு அதைத் திறந்து, மிகுந்த சூட்டைத் தாங்கும் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் கட்டைகள் தேய்ந்துபோகும். மிகவும் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பெற்றோர்களே, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தர எண்ணினால், கையிருப்பு வெள்ளி முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். முன் பிரேக்குக்கு என்று ஒரு பகுதியை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு என்ன சைக்கிள் கிடைக்குமோ அதை வாங்குங்கள். கொஞ்சம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.